பேஸ் பெட்டிக்குப் புது ஸ்பீக்கர்

பேஸ் கிட்டார் வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் வந்துவிடும். டிரம்ஸ்காரர் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டார். கிட்டார்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு திருகு வால்யூமை ஏற்றிவிட்டார்கள். நடுவில் நிற்கிற பேஸ்காரருக்குத் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருப்பினால் பெட்டி 'பர்ர்ர்' என்று உறுமுகிறது. உடனே தீர்ப்பு எழுதியாகிவிடும்: ஸ்பீக்கர் சரியில்லை, உள்ளே இருக்கிற 150 வாட்ஸைக் கழற்றிவிட்டு 400 வாட்ஸ் போட்டுவிடலாம்!

நிறையப் பேருடைய சேமிப்பு கரைவது இந்த இடத்தில்தான். ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட்ஸ் கணக்கு, அது எவ்வளவு சத்தம் போடும் என்று சொல்வதே இல்லை. கருகாமல் எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்று மட்டும்தான் சொல்கிறது. பேஸ் ஸ்பீக்கருக்குள் போகிற சக்தியில் நூற்றில் ஐந்து பங்கு ஒலியாக வெளியே வந்தாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் காயிலில் சூடாகப் போய்விடுகிறது. உள்ளதைச் சொன்னால் ஸ்பீக்கர் என்பது கொஞ்சம் சத்தமும் போடுகிற ஹீட்டர். :)

சத்தத்தைச் சொல்கிற எண் வேறொன்று இருக்கிறது. சென்சிடிவிட்டி என்பார்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது அது. சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய 150 வாட்ஸ் ஸ்பீக்கர் 98 டெசிபல், புதிய 400 வாட்ஸ் ஸ்பீக்கர் 95 டெசிபல் என்றால், அதே ஆம்பில் மாட்டும்போது புதுசு பழசைவிட மெதுவாகத்தான் பேசும். காசைக் கொடுத்து ஆம்பின் சக்தியைப் பாதியாக்கிக்கொண்ட மாதிரி.

அதற்காகத் தாங்கும் சக்தி முக்கியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பேஸ் கிட்டாரின் கதையே அதில்தான் ஆரம்பிக்கிறது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே அதற்கென்று ஒரு 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த பேஸ்மேன் ஆம்ப் வந்தது. பிறகு அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. வேடிக்கை என்னவென்றால், பேஸுக்காகச் செய்த அந்த ஆம்பைக் கிட்டார்காரர்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப்கூட பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். பேஸ்காரர்கள் பாடுதான் திண்டாட்டம்.

1969-ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. வால்வு ஆம்ப், 300 வாட்ஸ். அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதோடுதான் மேடை ஏறியது. அன்றைய ஸ்பீக்கர்கள் அந்தச் சக்தியைத் தாங்காது என்பதால், ஓர் ஆம்புக்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி இரண்டு தேவைப்பட்டது. இன்றைய ஸ்பீக்கர்களோடு ஒரு பெட்டியே போதும். அந்தப் பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் என்று பட்டப்பெயர். எடையும் அப்படித்தான், 63 கிலோவுக்கு மேல்.

அந்த ஃப்ரிட்ஜ் பெட்டியின் விவரக்குறிப்பில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி குறையத் தொடங்கிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ்! ராக் மேடைகளில் இவ்வளவு புகழ் பெற்ற பெட்டியே அடி ஸ்வரத்தை முழுசாகத் தருவதில்லை. யாரும் புகார் செய்யவும் இல்லை. காரணம், ஒரு கம்பி அதிரும்போது 41-ஓடு 82, 123 என்று மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. அவை தெளிவாகக் கேட்டால் போதும், கீழே விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

ஆக, குழுவுக்கு நடுவில் கேட்கவில்லை என்பவருக்குத் தேவை இன்னும் ஆழத்துக்கு இறங்குகிற ஸ்பீக்கர் இல்லை. பெரும்பாலும் ஸ்பீக்கரே தேவையில்லை. ஆம்பில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி நடுவைப் பள்ளமாக்கி வைத்திருப்பார். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது அமிர்தமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் ஆளே காணாமல் போய்விடுவார். அந்த நடுத் திருகை ஏற்றிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

அதையும் செய்தாயிற்று, இன்னும் 'பர்ர்ர்' நிற்கவில்லை என்றால்? அது சூட்டுப் பிரச்சினையே இல்லை, கோனின் ஓட்டப் பிரச்சினை. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அது எவ்வளவு தூரம் ஒழுங்காகப் போகும் என்பதற்கு எக்ஸ்மேக்ஸ் என்று தனிக் கணக்கு உண்டு, மில்லிமீட்டரில். 400 வாட்ஸ் சூட்டைத் தாங்குகிற ஸ்பீக்கர்கூட, ஓட்டம் குறைவாக இருந்தால், கீழ் ஸ்வரங்களில் 100 வாட்ஸுக்கே உறுமிவிடும். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். அங்கே இன்னும் மோசம்.

அப்புறம் எல்லோரும் மறக்கிற ஆள், பெட்டி. முகத்தில் துவாரம் வைத்த பெட்டி, வாயில் ஊதினால் 'ஹூம்' என்கிற குடம் மாதிரி. அதற்கென்று ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியில் பெட்டிக்குள் இருக்கும் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, வெறுமனே படபடக்கும். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவு, என்ன சுருதி என்பது ஒரு காலத்தில் கைப்பக்குவம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய ஆய்வும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும்தான் அதைக் கணக்காக்கின. இன்று நல்ல ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் அந்த எண்கள் கூடவே வரும். பெட்டியின் உள்ளளவை டேப் வைத்து அளந்து, இலவச மென்பொருள் ஒன்றில் போட்டால் வாங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும். பெரிய பெட்டிக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்பீக்கரைச் சின்னப் பெட்டியில் அடைத்தால், எழுபது ரூபாய் ரேடியோ மாதிரி பேசினாலும் ஆச்சரியமில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் அதிக சத்தம், மூன்றையும் ஒன்றாகப் பெற முடியாது என்பது ஹோஃப்மனின் இரும்பு விதி. இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதை விளம்பரத்தில் மட்டும் பார்க்கலாம்.

அப்படியானால் ஸ்பீக்கர் மாற்றுவதே வீணா? இல்லை. பழசு கிழிந்துபோயிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். முதுகுவலிக்காக மாற்றுகிறவர்களும் உண்டு. நியோடிமியம் மேக்னட் வைத்த ஸ்பீக்கர்கள் வழக்கமான ஃபெரைட் வகையைவிட வெகுவாக எடை குறைந்தவை. மாடிப்படி ஏறிப் பெட்டி தூக்கியவருக்கு அந்தக் கிலோக்களின் மதிப்பு தெரியும். ஆனால் சத்தம்தான் வேண்டும் என்றால், அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்குவது மேல். ஆம்ப் இரண்டையும் இழுக்குமானால் 6 டெசிபல் வரை கூடும். எந்த விலையுயர்ந்த ஸ்பீக்கரும் சுலபமாகத் தராத லாபம் அது.

மாற்றுவது என்று முடிவானால் ஓம் கணக்கில் கவனம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு இணையாக இருந்தால் பெட்டி 4 ஓம். அந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் அணைந்துபோகும், அல்லது புகையும். வால்வு ஆம்புக்கு நேர் எதிர்ப் பயம். ஸ்பீக்கரே மாட்டாமல் அதை வாசிக்கக்கூடாது; டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் தள்ள வேண்டும். ஒன்று முன்னே போகும்போது இன்னொன்று பின்னே போனால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். கம்பிகளை இணைக்கும் முன், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் போதும். பாசிட்டிவ் பக்கம் பிளஸில் பட்டால் கோன் முன்னால் வரவேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் சில பின்னால் போகும். அது பழுது இல்லை, அந்தக் கம்பெனியின் அந்நாளைய வழக்கம். மூடிய பெட்டியாக இருந்தால், எல்லாம் திருகி முடித்தபின் ஒரு ஊதுவத்தியை ஏற்றி, யாராவது கீழ் ஸ்வரத்தை விடாமல் வாசிக்க, ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். புகை எங்கே உதறுகிறதோ, அந்த இடத்துத் திருகு இன்னும் அரைச் சுற்று கேட்கிறது.