கனிமொழிக்கு முன்னாடி கமலா

சனிக்கிழமைகள்ல லண்டன்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கு உதவிக்குப் போறேன். 'கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை'ன்னு இடாப்பு தயாரிக்கிற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. முப்பத்திரண்டு பேரு. சி++ல ஒரு வெக்டர், ஒரு சார்ட், முடிஞ்சது ஜோலி. பிரிண்ட் எடுத்து பெருமையா நீட்டினேன்.

பத்து வயசு கனிமொழி (பேரெல்லாம் மாத்தியிருக்கேன்) பார்த்துட்டுச் சொன்னா: "அண்ணா, 'ன' கடைசி எழுத்தெல்லோ? நான் எப்பிடி கமலாவுக்கு முன்னுக்கு வந்தனான்?"

முந்தின வாரம்தான் 18 மெய்யையும் போர்டுல எழுதிப் போட்டவன் நான். அசடு வழிஞ்சேன்.

விஷயம் இதுதான். நாம எதுவும் சொல்லலைன்னா சார்ட் ரெண்டு பேரை < போட்டுத்தான் ஒப்பிடும். மேப்பா இருந்தா லெஸ். இந்த லெஸ் ஒரு ஃபங்ஷன் ஆப்ஜெக்ட். ரெண்டைக் கொடுத்தா 'முதலாவது முந்தி வருமா'ன்னு ஆமா, இல்லைன்னு சொல்லும். அதுக்கு எழுத்தோட யூனிகோட் எண் தெரியும், தமிழ் தெரியாது. யூனிகோட் தமிழ் அட்டவணை 1988 இஸ்கி அமைப்பிலிருந்து வந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசைன்னு வச்சதுல ந பக்கத்துல ன, ர பக்கத்துல ற, ள பக்கத்துல ழ. அதனால கனிமொழி, கமலா, கலா!

லெஸ்ஸுக்குப் பதிலா லொகேலையே கொடுக்கலாம், ஸ்டாண்டர்டு அனுமதிக்குது. ஆனா அந்த மெஷின்ல தமிழ் லொகேல் இல்லை. சரின்னு சொந்தமா ஒண்ணு எழுத உட்கார்ந்தேன். மெய்களுக்கு ஒரு வரிசை எண் போட்டது சுலபம். படுத்தினது புள்ளி. க்குன்னா ரெண்டு குறியீடு, க ஒண்ணுதான். ஆனா அகராதியில க் முதல்ல, அப்புறம்தான் க, கா. ஒவ்வொரு எழுத்தையும் மெய், உயிர்னு ஜோடியாப் பிரிச்சு, புள்ளிக்குப் பூஜ்யம் கொடுத்தப்புறம்தான் வழிக்கு வந்தது.

நடுவுல ஒரு முட்டாள்தனம் வேற. < போட வேண்டிய இடத்துல <= போட்டிருந்தேன். வகுப்புல ரெண்டு அபிராமி. சமமான ரெண்டுக்கு 'ஆமா, இது முந்தி'ன்னு ரெண்டு பக்கமும் சொன்னா, சார்ட் என்ன செய்யும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. நல்லவேளை, ஓட்டறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டது.

அடுத்த சனிக்கிழமை புது இடாப்பு. கனிமொழி விரலை வச்சு இறங்கி வந்தா. கமலா, கலா, கனிமொழி. "இப்ப சரி."

ஜனனிதான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா. கிரந்த எழுத்தையெல்லாம் 'ன'வுக்கு அப்புறம் வச்சதுல அவ கடைசிக்குப் போயிட்டா.