காதாலும் காகிதத்தாலும்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். வர்ணனையாளரின் ஜன்னலிலிருந்து நேர்ப்பாதையும் அதை ஒட்டிய கொஞ்ச தூரமும் நன்றாகத் தெரியும். அதற்கப்பால் பைக்குகள் போய்விட்டால் உறுமல் மட்டும்தான். ஆனாலும் ஒலிபெருக்கியில் பந்தயம் அறுபடக் கூடாது. கண்ணுக்கு எட்டாததைக் காதாலும் காகிதத்தாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவரும் ஒருவர் பக்கத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின்போது உட்கார எனக்கு இடம் கிடைத்தது.

காலையில் அவர் மைக்கைத் தொடவே இல்லை. பிட்டில் ஒவ்வொரு அணியிடமாகப் போனார். "ஹெல்மெட் மாத்திட்டியாப்பா?" "அந்தப் பச்சை பூட்ஸ் யாரோடது?" கேட்டதையெல்லாம் வீரர் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். யார் வளைவில் முழங்கையை விரிப்பார், யார் தலையைத் தாழ்த்தியே ஓட்டுவார் என்பதுகூட அதில் இருந்தது. முழு வேகத்தில் கும்பலாக வரும்போது எண்ணைப் படிக்க முடியாது. நிறத்தையும் உட்காரும் வாகையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இவ்வளவு எதுக்குண்ணா?" என்றேன்.

"பேரை மாத்திச் சொல்லிட்டா, ஸ்டாண்டுல இருக்கிற அவன் அம்மா வேற யாரையோ பார்த்துக் கை தட்டிட்டு இருப்பாங்க தம்பி."

முதல் பந்தயம் 165 சிசி பைக்குகளுக்கு. சிறிய என்ஜினுக்குக் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிக்கொள்பவருக்கு எதிர்ப்பு குறைகிறது. நேர்ப்பாதை முடிவதற்குள் விலகித் தாண்டிவிடுகிறார். ஆறேழு பேர் ஒரு நொடி இடைவெளிக்குள் நெருங்கி ஓடி, சுற்றுக்குச் சுற்று வரிசையைக் கலைத்தார்கள். உதவியாளர் ஒருவர், கோட்டைத் தாண்டும் எண்களை வரிசை தப்பாமல் எழுதிக்கொண்டே இருந்தார். எதிரே நேரத் திரை: ஒவ்வொரு பைக்கிலும் பொருத்திய டிரான்ஸ்பாண்டர், கோட்டைத் தாண்டும் கணத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பதிக்கிறது.

கடைசிச் சுற்று தொடங்கியபோது கூட்டம் முதலில் போனவரின் பெயரைக் கத்தியது. இவர் சொன்னார்: "இப்போ வசதியா இருக்கிறது ரெண்டாவதா வர்றவர்தான். கடைசி வளைவுல இருந்து பாருங்க." அப்படியே ஆனது, சக்கர அகல வித்தியாசத்தில். நடந்ததை நடந்த பிறகு சொல்ல எல்லோராலும் முடியும். நடக்கப்போவதன் காரணத்தை முன்கூட்டியே பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு, அவரையே பார்க்க வைப்பதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன்.

தொலைக்காட்சியில் இந்த வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள். பிபிசியின் ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் 1980 முதல் 1993 வரை மரே வாக்கர் 'என்ன' என்று சொல்ல, முன்னாள் உலக சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட் 'ஏன்' என்று சொன்னார். நம் சென்னைக்காரர் கருண் சந்தோக், 2010-ல் எச்ஆர்டி அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியவர், ஸ்கை ஸ்போர்ட்ஸில் அந்த 'ஏன்' வேலையைச் செய்கிறார். இந்தத் தடத்தை நடத்தும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களில் அவருடைய தாத்தா இந்து சந்தோக்கும் ஒருவர். இருங்காட்டுக்கோட்டை அறையிலோ இரண்டையும் ஒரே தொண்டை சுமக்கிறது.

அடுத்த பந்தயத்தில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 1.8 நொடி. பின்னவர் சுற்றுக்கு 0.3 நொடி குறைத்துக்கொண்டிருந்தார். "பிடிக்க ஆறு சுற்று வேணும், இருக்கிறது அஞ்சு. வழியில மெதுவா போறவங்க குறுக்கிட்டாத்தான் உண்டு." அடுத்த சுற்றில் இடைவெளி 1.5 ஆனது. அப்போது பின்வரிசையில் ஒருவர் விழுந்தார். மஞ்சள் கொடி, உடனே சிவப்பு.

"பந்தயம் நிறுத்தப்பட்டிருக்கிறது. மருத்துவக் குழு போயிருக்கிறது." அவ்வளவுதான். எண் அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. யார் தவறு என்ற ஊகமும் இல்லை. மைக்கை அணைத்துவிட்டு வாக்கி டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவதே வர்ணனை என்ற பழக்கம் பரவிவிட்ட காலத்தில் அந்த அடக்கத்தை நான் மிகவும் மதித்தேன். துக்கத்தில் மட்டுமா? 1996-ல் சுசூகாவில் டேமன் ஹில் உலகப் பட்டம் வென்றபோது, வாய் ஓயாதவர் என்று பெயரெடுத்த வாக்கரே தொண்டை அடைத்துப் பேச்சை நிறுத்தினார்.

வீரர் எழுந்து நடந்துவிட்டார் என்று செய்தி வந்த பிறகே பெயரைச் சொன்னார், ஸ்டாண்ட் கைதட்டியது. சுற்றுகளைக் குறைத்து மறுதொடக்கம் என்று அறிவிப்பு வந்தது. அவர் பேனாவை எடுத்துப் பழைய கணக்கை அடித்துவிட்டு மைக்கைத் திறந்தார். "முதல்ல இருந்தவர் சேர்த்து வச்ச ஒன்றரை செகண்ட் போச்சு. எல்லாரும் திரும்பவும் ஒண்ணா நிக்கப் போறாங்க. ரெண்டாவதா இருந்தவருக்கு இது புதுப் பந்தயம்."

கம்பிவேலியை நோக்கி ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள்.