நீல விளக்கின் கீழே

பச்சிளங் குழவிகளின் உடலில் மஞ்சள் படர்வது பெரும்பாலும் தானே தணியும். மிகுந்தாலோ, பிலிருபின் என்னும் அந்நிறமி மூளையையும் செவியையும் தாக்கும். தருமபுரி மாவட்டத்தில் சிசுக்களைப் பேணும் தாதியராகிய நாங்கள் அஞ்சுவது இதற்கே.

“காலை வெயிலில் காட்டினால் இறங்காதா, சிஸ்டரம்மா?” என்றார், பென்னாகரத்துப் பாட்டி ஒருவர். அது அறியாமையன்று. வெயில் பட்ட சிசுவின் தோல் தெளிந்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாய் நின்றதை 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் கண்டவர், வார்டு என்னும் தாதியே. ஒளிச்சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. ஆயினும் வெயிலுக்கு அளவில்லை, இரவில் வெயிலேயில்லை. நீல விளக்கு இரவும் பகலும் அந்நிறமியை உருமாற்றி, மலத்தோடும் சிறுநீரோடும் வெளியேறச் செய்கிறது.

கண்கட்டோடு கிடக்கும் மகவைக் கண்டு தாய் கலங்குகிறாள். விழிகளைக் காக்கவே அக்கட்டு என்று தேற்றுகிறோம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை கட்டவிழ்த்து அவள் மடியில் தருகிறோம், தாய்ப்பாலும் மருந்தே. உடற்சூடும் எடையும் பார்க்கிறோம், புரட்டிக் கிடத்துகிறோம். விளக்கின்கீழ்த் தோல் வெளுத்துத் தோன்றினும், அதை நம்பாது இரத்தத்தைச் சோதிக்கிறோம்.

தாய்மாரே, முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலும், குழந்தை பால் குடியாது துவண்டாலும் மறுநாள் வெயிலுக்காகக் காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.