சிவப்பு மையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும்

மன்னார்த் தீவில், உடைமரப் பற்றைகளுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் நாம் தமிழ் கற்பிக்கின்றோம். "எங்கள் ஊர்" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு ஒன்பதாம் வகுப்பினரைப் பணித்திருந்தோம். பாடசாலை விட்டதும் ஆடு மேய்க்கச் செல்லும் மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்: "வெயில் ஏறினதும் துத்திச் செடியடியிலே ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி செட்டையை விரித்தபடி இருக்கும். பின்செட்டையிலே வெள்ளைப் பட்டி இருக்கும்."

சிறகை மேலே மூடி அமர்வது வண்ணத்துப்பூச்சி, விரித்து அமர்வது அந்துப்பூச்சி என்று நாம் இளமையிற் படித்திருந்தோம். எனவே அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தோம். அகராதியில் உள்ள "செட்டை" என்னும் சொல்லையும் கொச்சையென்று அடித்தோம். வகுப்பில் உரக்க வாசித்துப் பிறர் சிரிக்கவும் இடமளித்தோம்.

"இல்லை சேர், அது வண்ணத்துப்பூச்சிதான்" என்றாள் அவள். அந்தக் குரல் எம்மை உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை, விஞ்ஞான அறையின் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் அவள் ஆடு மேய்க்கும் வெளிக்குச் சென்றோம்.

மணல் சுட்டது. பூச்சியோ கண் பிடிக்குமுன் துள்ளித் துள்ளி மறைந்தது. "கலையாதேங்கோ சேர், அந்த இடத்துக்கே திரும்பி வரும்" என்றாள். அவ்வாறே வந்து, சிறகுகளைத் தட்டையாக விரித்து அமர்ந்தது. அகலம் ஓர் அங்குலம் இருக்கும். தடித்த உடல், பெரிய கண்கள், அடியில் ஒன்றையொன்று விலகி நிற்கும் உணர்கொம்புகள். அவற்றின் நுனி தடித்து, கொக்கிபோல் வளைந்திருந்தது. உலகெங்கும் 3,000இற்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட துள்ளிக் குடும்பத்தின் அடையாளம் அதுவே. இக்குடும்பத்திற் பல, சிறகை விரித்தே அமர்வன. பொதுவிதி இங்கே பொய்த்தது.

வறண்ட வெளிகளில் இதனோடு மயங்கத்தக்க மற்றொரு துள்ளியும் உண்டு. அதன் கருஞ்சிறகில் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நாம் கண்டதிலோ சாம்பலும் பாசிப்பச்சையும் பழுப்பும் சலவைக்கல்லிற்போலக் கலந்திருந்தன. பின்சிறகின் குறுக்கே வெண்பட்டை ஓடியது. ஆபிரிக்காவிலும் வாழும் சலவைக்கல் துள்ளி இது. தென்னாபிரிக்காவில் 1862இல் திரிமன் என்பார் இதனை விவரித்தார். இலங்கைப் பூச்சிகளை ஆராய்ந்த மூர் 1879இல் இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருள் "வெண்பட்டை உடையது" என்பதாம். அப்பேரறிஞர் கண்ட அடையாளத்தையே எமது மாணவியும் கண்டிருந்தாள். அவருக்குக் கிடைத்தது நூலில் இடம். அவளுக்குக் கிடைத்தது சிவப்புக் கோடு.

அவள் மடித்த துத்தியிலை ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே புழு இருந்தது. இப்புழுவுக்குத் துத்தியே உணவு. துத்தி அழிந்தால் துள்ளியும் அழியும். ஆயினும் அவ்வெளியை நாம் அனைவரும் "வெறுங்காடு" என்றே அழைக்கின்றோம். வெறுமை என்று பெயரிட்ட நிலத்தை வெட்டித் துப்புரவாக்க எவரும் தயங்குவதில்லை. அங்கு ஆடு மேய்ப்பவர்களிடம் எவரும் கேட்பதுமில்லை.

திங்கட்கிழமை அதே வகுப்பின்முன் எமது பிழையை ஒப்புக்கொண்டு, வெட்டிய வரியையும் சொல்லையும் புள்ளிகளையும் திருப்பியளித்தோம். அவள் மகிழ்ந்தாள். எமக்கோ கவலை தீரவில்லை. பத்தாண்டுக்கு மேலாகக் கற்பித்து வருகின்றோம். நேரிற் சென்று பாராமல் இவ்வாறு எத்தனை பிள்ளைகளின் கண்களை நாம் அடித்திருப்போம்?