தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் தனுஷ்கோடி ஸ்டேஷனும்

எங்கள் சுனாபட்டி பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது. அடுத்த மாதம் வாடகை வீட்டுக்கு மாற வேண்டும். பங்கார்வாலாவுக்குப் போட வேண்டியதையெல்லாம் தங்கமணி ஒரு மூலையில் குவித்திருந்தாள். அதில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் கிடந்தது. துருப்பிடித்த மூடியில் வெள்ளை பெயிண்டில் "கொழும்பு - தனுஷ்கோடி" என்று இன்னும் படிக்க முடிகிறது.

"யூட்யூப்ல பேய் ஊருன்னு காட்டுவாங்களே, அதாப்பா?" என்றான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. கொசுவத்திச் சுருளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. (கணக்கு எழுதுவது எங்களுக்குப் பரம்பரை வியாதி!) அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகத் தூத்துக்குடி போய்க் கப்பலேற வேண்டும். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அது மாறியது. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் சுமார் 35 கி.மீ. கடல் தாண்டித் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. தனுஷ்கோடியில் சுங்க ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. தாத்தா பரமக்குடியில் ஏறுவார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். 1964 தொடக்கத்தில் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார்.

அந்த டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர், ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் அலையில் போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை.

"ஒங்க தாத்தாவ எறக்கிவிட்டுட்டுத்தான் அந்த டேசன் போச்சு" என்பாள் ஆச்சி.

எனக்கு ஒன்று உறுத்தும். அதே புயலில் பாம்பன் பாலமும் நொறுங்கியது. இளம் இன்ஜினியராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் அதை 46 நாளில் சரிசெய்தார்கள். ஸ்டேஷனை மட்டும் ஏன் விட்டார்கள்? கடல் மறுபடி வரும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் பேங்க்காரன் புத்தி வேறு கணக்கும் போடுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் கோயில் இருந்தது. தனுஷ்கோடிக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் கொழும்புக் கப்பல். அது ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது, 1980களில் இலங்கைப் பிரச்சினையில் அதுவும் நின்றது. அரசாங்கம் ஊரையே வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. புயல் அடித்தது ஒரு ராத்திரி. ரைட் ஆஃப் பண்ணியது அதற்குப் பிறகு, நிதானமாக.

2019 மார்ச்சில் மறுபடி ரயில் பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. போன லீவில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. பக்கத்தில் மீனவர் வீட்டுப் பெண்மணி ஒருவர் சங்கு விற்றுக்கொண்டிருந்தார். சோப்பு டப்பா அளவு சங்கு ஒன்று வாங்கி வந்தேன்.

"பேய் ஊர் இல்லடா. நம்ம வீட்டுச் சோறு அந்த ஸ்டேஷன் வழியாத்தான் வந்துச்சு" என்றேன் பையனிடம்.

தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் டிரங்குப் பெட்டிக்குள் கொலு பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா? தூக்கிப் போடுவதற்கு முன் மூடியைத் துடைத்துப் பாருங்கள்.