மேசை பொம்பளையா மாமா?

ஓசூரில் இருக்கிற என் அக்கா பையன், டிப்ளமோ மெக்கானிக்கல். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஆனால், யாராவது இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் போதும்... வியர்த்துவிடும். அப்படியே இரண்டு இன்டர்வியூவைக் கோட்டைவிட்டவன்.

இப்போது அவன் கம்பெனியில் கொலம்பியாவுக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள். ஆறு மாதம், பைக் சர்வீஸ் வேலை. ஓசூரில் தயாராகிற பைக்குகள் லத்தீன் அமெரிக்கா வரை போய் ஓடுகின்றன. அங்கே பிரேசிலை விட்டால், பெரும்பாலான நாடுகளில் ஸ்பானிஷ்தான். 'கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்றார்களாம்.

புத்தகம் வாங்கினான். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தரும் புத்தகம். முதல் பாடத்திலேயே மூடிவிட்டான். "இங்கிலீஷே வராதவனுக்கு ஸ்பானிஷ் எங்க மாமா வரப்போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பி.காம். முதல் வருடம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். "இங்கிலீஷை விடுடா, தமிழ்லயே படிப்போம்" என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

'அப்லார்' என்றால் பேசுவது. அப்லோ - பேசுகிறேன். அப்லாஸ் - பேசுகிறாய். அப்லா - பேசுகிறான், பேசுகிறாள். வால் மாறினால் ஆள் மாறிவிடுகிறார். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம். "நம்ம மாதிரியே இருக்கே!" என்றான். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. இங்கே, நெருக்கமானவர்களுக்கு 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்'. நம்ம நீ, நீங்கள்.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு அந்தப் புத்தகத்தில் அரைப் பக்க விளக்கம். 'ஐ லைக்' என்பதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டுமே! தமிழில் புரட்டவே வேண்டாம். 'மே குஸ்தா எல் கஃபே'. மே - எனக்கு. குஸ்தா - பிடிக்கும். முடிந்தது.

ஓசூர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கன்னடத்தில் 'நனகே இஷ்ட', தெலுங்கில் 'நாகு இஷ்டம்' என்று தெருவில் கேட்டே வளர்ந்தவன். உழவர் சந்தையில் தக்காளி விற்கிற அம்மாவைப் பாருங்கள். கன்னடக்காரரிடம் 'எஷ்டு பேக்கு?', தெலுங்குக்காரரிடம் 'எந்த காவாலி?', நம்மிடம் 'எவ்ளோ வேணும்?'. எந்த இலக்கணப் புத்தகத்தையும் புரட்டியவர் இல்லை. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று நின்றிருந்தால், ஒரு கிலோ விற்றிருக்குமா? (அந்தத் தக்காளி ஸ்பானிஷில் 'தொமாத்தே'.)

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ஸ்பானிஷில் மேஜைக்கு 'மேசா'. போர்ச்சுக்கீசியர்கள் வழியாக நம்மிடம் 'மேசை' ஆன அதே சொல்தான். ஆனால், அங்கே அது பெண்பால்; 'லா மேசா'. புத்தகம் ஆண்பால், 'எல் லிப்ரோ'. "மேசை பொம்பளையா மாமா? யார் முடிவு பண்ணாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். காரணம் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லையும் 'எல்', 'லா'வோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

கொலம்பியாவுக்கு யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. கிடைக்காமலும் போகலாம். ஆனால், மூலையில் போட்ட இங்கிலீஷ் புத்தகத்தையும் பையன் திரும்ப எடுத்திருக்கிறான் என்றாள் அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்தான். எடுத்ததும், "கோமோ எஸ்தா உஸ்தெத், மாமா?"

எப்படி இருக்கீங்க மாமா? மறக்காமல் 'உஸ்தெத்' போட்டிருந்தான்.