தந்தி உயர்ந்தால் விரல் அழும்

கிதார் வாங்கிய பிள்ளை மூன்றாவது மாதமே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் 'சோம்பேறி' என்று வீட்டில் திட்டு விழும். பல நேரங்களில் குற்றவாளி பிள்ளையல்ல, தந்தியின் உயரம். 12-வது ஃப்ரெட்டில் மெல்லிய தந்திக்குக் கீழே 2 மி.மீ., தடித்ததற்கு 2.5 மி.மீ. இடைவெளி இருந்தால் விரல் தாங்கும். 4 மி.மீ. என்றால் பெரியவர்களுக்கே கண்ணீர் வரும்.

கொல்கத்தா லால்பஜாரின் இசைக்கருவிக் கடைகளில் மழைக்காலத்தில் இது பழகிப்போன கதை. மரம் ஈரத்தைக் குடித்து மேற்பலகை உப்ப, பாலமும் தந்தியும் கூடவே எழும்புகின்றன. அதே கிதார் ஜனவரியில் டெல்லிக்குப் போய் ஹீட்டர் அறையில் கிடந்தால் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கீறும். சேடிலை அளந்து தேய்ப்பதும், கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்புவதும் பழகிய கைக்குச் சிறிய வேலைதான்.

தந்தியிலும் கவனம் தேவை. '12' செட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். புதியவர்களுக்கு '11', ஏன், '10' கூடப் போதும். நைலான் தந்திக்கான கிதாரில் எஃகுத் தந்தி பூட்டுவதோ பாலத்தைப் பிடுங்கி எறியும் வேலை.

உத்தரவாதச் சீட்டை நம்பி இருக்கலாமா? அது பொதுவாக மரத்திலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைக்கு மட்டும். அதுவும் பெரும்பாலும் பில்லில் பெயருள்ள முதல் உரிமையாளருக்கே. ஈரம், வறட்சி, ஃப்ரெட் தேய்மானம், தந்தி எதுவும் அதில் சேராது. அதனால் பணம் எண்ணிக் கொடுக்கும் முன்பே தந்தியை இறக்கித் தரச் சொல்வது நல்லது. கடைக்காரர் முகம் சுளிக்கலாம். விற்பனை போகிறதென்றால் செய்து கொடுத்துவிடுவார்.